ஒரகடத்தில் ஒரு மோட்டார் டிரைவர் கிடைக்குமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு எங்களுக்கு ஒரு மோட்டார் டிரைவர் போர்டு தேவைப்பட்டது. ஒன்றே ஒன்று. படப்பையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து லைன் ஃபாலோயர் செய்துகொண்டிருந்தார்கள். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே அதன் மேல் ஓடும் சின்ன வண்டி. திங்கட்கிழமை பள்ளியில் கண்காட்சி. ஒரு பையன் பேட்டரி வயரை பிளஸ் மைனஸ் மாற்றிச் செருகிவிட்டான். ஒரு டப் சத்தம், கொஞ்சம் புகை, அந்தப் பிரசித்தி பெற்ற வாடை. பையன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை, அப்படி ஒரு முகம்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படப்பையில் இரண்டு எலெக்ட்ரிகல் கடை, ஒரகடம் கூட்ரோடு பக்கத்தில் மூன்று மொபைல் சர்வீஸ் கடை, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு, கடைசியில் சுங்குவார்சத்திரம். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், வார்த்தைகள்தான் வேறு. ஒரு சர்வீஸ் கடைத் தம்பி பொறுமையாகக் கேட்டார்: "சார், டிஸ்ப்ளே இருக்கு, சார்ஜிங் ஜாக் இருக்கு, பேட்டரி இருக்கு. நீங்க கேக்கறது என்னன்னே எனக்குத் தெரியல. ரிச்சி ஸ்ட்ரீட் போயிடுங்களேன்." அதற்குள் மணி ஏழரை. ரிச்சி தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடை சாத்திவிடுவார்கள். ஞாயிறு அங்கே பெரும்பாலும் விடுமுறை. சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முடிந்து வரிசையாக வெளியே வந்த கம்பெனி பஸ்களுக்கு வழி விட்டு நின்றபோதுதான் இந்தக் கட்டுரை மனதில் ஓட ஆரம்பித்தது.

நான் நின்ற இடத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான். 2019 முதல் அங்கே ஐபோன் தயாராகிறது. 2007-ல் தொடங்கிய சாம்சங் ஆலை, டிவியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்வது. டெல், ஃபிளெக்ஸ். ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற கம்பெனிகள். 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், இந்திய மாநிலங்களில் முதலிடம். அதில் பெரும்பங்கு இந்த நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உருவானது. இந்தியாவின் ஷென்சென் என்று நம்ம ஊரை டிவி விவாதத்திலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது.

அந்தப் பட்டத்தை ஒரு ரோபோ செய்கிறவனின் தேவையிலிருந்து பரிசோதிக்கலாம் என்று பார்க்கிறேன். நான் சாஃப்ட்வேர் ஆள், பொருளாதாரம் படித்தவன் அல்ல. ஆனால் பாகம் தேடி அலைந்த அனுபவம் இருபது வருடம் இருக்கிறது.

முதலில் ஷென்சென். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 1988-ல் அங்கே ஹுவாசியாங்பெய் பகுதியில் எஸ்.இ.ஜி. எலெக்ட்ரானிக்ஸ் சந்தை திறந்தது. எட்டு வருட இடைவெளி, அவ்வளவுதான். இன்று அந்தத் தெருவில் மாடி மாடியாகக் கடைகள். மேசை அளவு இடத்தில் ஒருவர் கெபாசிட்டர் மட்டும் விற்பார், பக்கத்து மேசைக்காரர் கனெக்டர் மட்டும். ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங் என்ற அமெரிக்க வன்பொருள் பொறியாளர் 2016-ல் அந்தச் சந்தைக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் போட்டார். பாகங்களின் பெயர் ஒரு பக்கம் ஆங்கிலத்தில், ஒரு பக்கம் சீனத்தில். மொழி தெரியாதவர் விரலால் தொட்டுக் காட்டி வாங்கலாம். அடுத்த ஆண்டு வந்த அவருடைய 'தி ஹார்ட்வேர் ஹேக்கர்' நூலில் இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்பது இன்னும் விரிவாக இருக்கிறது.

அதில் நமக்கு முக்கியமான விஷயம் இது. அந்த மேசைகளில் இருக்கும் சரக்கில் கணிசமான பகுதி தொழிற்சாலைகளிலிருந்து கசிந்து வந்தது. ஒரு கம்பெனி பத்தாயிரம் போர்டு செய்ய ஆர்டர் எடுக்கும், பாகம் கொஞ்சம் கூடுதலாக வாங்கும், மிச்சம் சந்தைக்கு வரும். மாடல் மாறினால் பழைய மாடலின் ஐசி சந்தைக்கு வரும். பழைய போர்டிலிருந்து பிரித்தெடுத்ததும் வரும். ஆலைக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அது எப்போதும் பாதி திறந்தே இருக்கிறது.

நம்ம ஊரில் அந்தக் கதவு சட்டப்படியே மூடியிருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005, பிரிவு 30 என்ன சொல்கிறது என்றால், மண்டலத்துக்குள்ளிருந்து ஒரு பொருள் வெளியே உள்நாட்டுப் பகுதிக்கு வந்தால், அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதற்குச் சமம். அதே சுங்க வரி கட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டின் நோக்கியா மண்டலத்துக்குள் கிடக்கும் ஒரு ரெசிஸ்டர், காம்பவுண்டு சுவரைத் தாண்டி டீக்கடைக்கு வர வேண்டுமென்றால், காகிதத்தில் அது கடல் தாண்டி வருகிறது.

நோக்கியாவை நினைத்தால் இது நன்றாகப் புரியும். 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. கோடிக்கணக்கில் போன் செய்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று மூடினார்கள். அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அந்த வருடக் கடைசியில் நின்றது. வேலை போனவர்களின் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எழுத வேண்டியதுதான். நான் கேட்பது வேறு. கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அத்தனை கோடி போன் செய்த ஊரில், ஆலை போன பிறகு என்ன தங்கியது? ஒரு பாகக் கடை தங்கவில்லை. இடத்தைப் பின்னால் சால்காம்ப் வாங்கியது, இப்போது சார்ஜர் தயாராகிறது. பெரும்புதூர் கடைத்தெருவில் அதனாலும் ஒன்றும் மாறவில்லை.

சட்டத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. கதவைத் திறந்து வைத்தாலும் எங்கள் வண்டிக்கு அங்கிருந்து என்ன கிடைக்கும்? போனுக்குள் இருக்கும் ஐசிக்குக் கால்களே கிடையாது, அடியில் கடுகை விடச் சின்ன ஈயக் குண்டுகள். கையால் சால்டர் செய்ய நினைப்பதே வீண். அதோடு ஒப்பந்த ஆலைக்குத் தன் இஷ்டத்துக்குப் பாகம் வாங்கும் உரிமையும் கிடையாது. எந்தப் பாகம், யாரிடம், என்ன விலை என்று பிராண்டுக்காரர் முடிவு செய்த பட்டியல் இருக்கும். ஆலை பொருத்திக் கொடுக்கும். மிஞ்சினால் கணக்கு காட்ட வேண்டும். பாகம் வருவதும் ரீலில்தான். சினிமா ஃபிலிம் சுருள் மாதிரி; சாதாரண ரெசிஸ்டர் என்றால் ஒரு ரீலில் 5,000. ஐசி ரீலை உறை பிரித்தால் அதற்குக் கெடு உண்டு. ஈரப்பதத் தரம் 3 என்று போட்டிருந்தால், 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 168 மணி நேரம். அதற்குள் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். கையால் சால்டர் செய்கிறவனுக்கு இந்தக் கெடு பெரிய விஷயமில்லை. ஆலைக்கு அது விதி. விதி தாண்டிய ரீல் கழிவு.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் அம்மா இங்கே ஒரு ஆலையில் எஸ்.எம்.டி. லைனில் வேலை பார்க்கிறார். கருகிப்போன போர்டை அவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை ரீல் மாத்தறோம் தெரியுமா சார்? மெஷின் பிச்சிப் பிச்சி வச்சிக்கிட்டே போகும். ஆனா இந்தப் பொடிசுல ஒண்ணைக்கூட நான் விரல்ல எடுத்துப் பார்த்ததில்ல" என்றார். அப்புறம் மகளிடம், "இது எத்தனை ரூபா பாப்பா?" என்று கேட்டார். விலை கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் நாள் முழுக்க ரீல் மாற்றும் ஊரில், மகளுக்கு அதில் ஒன்று வேண்டுமென்றால் 40 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும்.

அந்த 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பது ரிச்சி தெரு. பெயர்தான் ஒரு தெரு; உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்த மொத்தம், அண்ணா சாலைக்குப் பின்னால். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று பொதுவாகச் சொல்வார்கள். 'ஷென்சென்' ஒப்பீட்டின் பெரிய ஓட்டை எனக்கு இங்கேதான் தெரிகிறது. ரிச்சி தெரு இந்தத் தொழிற்பேட்டையால் பிறந்ததில்லை. நோக்கியா வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே, ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்கிறவர்களுக்குப் பாகம் விற்று வளர்ந்தது. பிறகு கம்ப்யூட்டர், பிறகு மொபைல், பிறகு கல்லூரி புராஜெக்ட். ஆலைச் சரக்கு கொண்டு வளர்ந்த சந்தை அது இல்லை, உடைந்த பொருளால் வளர்ந்த சந்தை.

அதன் மொழியைக் கேட்டாலே தெரியும். அங்கே போய் 'டிசி கியர் மோட்டார், மஞ்சள் நிறம்' என்று விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். பிஓ மோட்டார் என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். வரிசையாக ஊசி நிற்கும் கனெக்டருக்குப் பெயர் பர்க் ஸ்டிரிப். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அட்டை டாட் போர்டு. போட்டிக்கு ரோபோ செய்கிறவர்கள் கேட்கும் வலுவான 12 வோல்ட் மோட்டாருக்கு ஜான்சன் மோட்டார். ஹுவாங் போட்டது மாதிரி ரிச்சி தெருவுக்கு ஒரு கையடக்க நூல் போட்டால் முதல் பக்கத்தில் இந்தச் சொற்கள்தான் வரும். (யாராவது போடுங்கள், அட்டைப்படம் நான் எடுத்துத் தருகிறேன்.)

அந்தத் தெருவின் மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் கருகிப்போன போர்டு எல்298என். எந்தக் கடையில் மோட்டார் டிரைவர் என்று கேட்டாலும் கை முதலில் அதற்குத்தான் போகும். பழைய பைபோலார் வடிவமைப்பு. 1 ஆம்பியர் ஓடும்போது உள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட் தின்றுவிடும், தரவுத்தாள்படி 3.2 வரைகூடப் போகலாம். நாலு பென்சில் செல் போட்டால் 6 வோல்ட். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4, மிச்சம் சூடு. டோஷிபாவின் டிபி6612 என்று ஒன்று இருக்கிறது, விரல் நகம் அளவு. அதே வேலைக்கு அரை வோல்ட் அளவில்தான் இழக்கும். சின்ன வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் கடைக்காரர் எதை வாங்கி அடுக்குவார்? போன வருடம் விற்றதை. போன வருடம் ஏன் விற்றது? இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இருந்தது. அந்த ரிப்போர்ட் அதற்கு முந்தைய வருட ரிப்போர்ட்டின் நகல். நான் பி.இ. படித்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம், வேறு ஐசி, அதே நகல். ரிச்சி தெருவின் சரக்குப் பட்டியலை எழுதுவது நம்ம பொறியியல் கல்லூரிகள்தான்.

போலிச் சரக்கு இன்னொரு தலைவலி. 9,900 என்று அச்சடித்த 18650 செல்லை ஒரு கடையில் என்னிடம் நீட்டினார்கள். அந்த அளவில் நல்ல கம்பெனி செல் சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி தரும். மூன்று மடங்கு போட்டிருந்தால் அச்சுக்கூடத்தின் திறமைதான். இது ரிச்சி தெருவின் தனி நோயும் இல்லை. ஹுவாங் தன் நூலில் போலி மெமரி கார்டைத் துப்பறிந்து துரத்திய கதை இருக்கிறது. 2014-ல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் தன் யூ.எஸ்.பி. சிப்பின் போலிகளைச் செயலிழக்க வைக்கும் டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பியது. உலகம் முழுக்க ஒன்றும் அறியாதவர்களின் போர்டு செத்தது. பாதி திறந்த கதவு வழியாக இதுவும்தான் வரும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. நமக்கும் ஒரு ஷென்சென் வேண்டும் என்பவர்கள் குய்யூ என்ற ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே குவாங்டாங் மாகாணத்தில் இருக்கிறது. உலகத்தின் பழைய போர்டுகளெல்லாம் அங்கே வந்து இறங்கின. வீட்டு வாசலில் அடுப்பு வைத்து ஐசி கழற்றினார்கள், அமிலத்தில் ஊறப்போட்டுத் தங்கம் எடுத்தார்கள். அந்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. சந்தை மேசையில் மலிவாகக் கிடைத்த ஐசிகளில் ஒரு பகுதி அப்படிக் கழற்றியவை.

இதை மனதில் வைத்துத்தான் இங்கே நான் பார்த்த ஒரு முரணைச் சொல்கிறேன். எங்கள் வண்டியின் பாதி ஒரகடத்திலேயே கிடைத்தது. ஒரகடம் சாலையோரக் காயலான் கடையில் அலுமினியத் துண்டு, பேரிங், கார் வயரிங்கில் வெட்டிப்போட்ட நல்ல செம்பு வயர் எல்லாம் கிலோ கணக்கில் வாங்கினேன். கடைக்காரர் எடை போட்டார், பேரம் பேசினோம், முடிந்தது. ஆலைக்கும் தெருவுக்கும் நடுவில் அந்தப் பாதை நன்றாகவே இருக்கிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் எடைக்கு விலை உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் கழிவுக்கு அது பொருந்தாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அங்கே நொறுக்கப்படும். குய்யூவை நினைத்தால் அந்த விதி சரி என்றுதான் சொல்வேன். பழுதான போர்டு நொறுங்கட்டும். ஆனால் உறை பிரிக்காத மிச்ச ரீல் கழிவு இல்லையே. ஒரகடத்தில் மண்டலத்துக்கு வெளியே இருக்கும் வாகன உதிரிபாகக் கம்பெனிகளுக்கு அந்தச் சுங்கச் சுவரும் கிடையாது. அவர்களிடமும் கண்ட்ரோல் போர்டு உண்டு, கனெக்டர் உண்டு, சென்சார் உண்டு, போனில் இருப்பதைவிடக் கையால் தொடக்கூடிய அளவில். அந்த மிச்சத்தை வாங்கி நூறு நூறாக வெட்டி விற்க ஆள் இல்லை. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது.

ஆள் ஏன் இல்லை என்றால், ஐயாயிரத்தை வாங்கிப் பத்தாக விற்பது மெதுவான வியாபாரம். முதல் முடங்கும். வாங்குகிறவன் யார் என்று தெரியாது. ரிச்சி தெருவில் ரிப்பேர்காரர்கள் என்ற நிரந்தர வாடிக்கை இருந்ததால் அது நின்றது. இங்கே ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கோ ஊருக்கோ போகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ரிச்சி தெருவுக்கே போகிறார்கள்.

"ஆன்லைன்ல வாங்க வேண்டியதுதானே சார்?" என்பீர்கள். வாங்குகிறேன். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் ஆப் தடை செய்யப்படும் வரை, நாற்பது நாள் காத்திருந்து தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய தலைமுறை நான். இப்போது புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாலு நாளில் வந்துவிடுகிறது. நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் 20 ரூபாய்ப் பாகத்துக்கு அதைவிட அதிகம் கூரியருக்குப் போகிறது. கருகியது சனிக்கிழமை என்றால் வருவது புதன். அந்தப் பார்சலுக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஷென்சென் சரக்குதான். கடல் தாண்டி, பாதி இந்தியா சுற்றி, ஒரகடம் ஆலைச் சுவரோரமாக வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

அரசு சும்மா இல்லை. மத்திய அரசு 2025 மார்ச்சில் பாக உற்பத்திக்கென்று 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அடுத்த மாதமே தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. பொருத்துவது மட்டும் போதாது, பாகமே இங்கே உருவாக வேண்டும் என்பது சரியான திசை. ஆனால் நாளைக்கே ஒரகடத்தில் கெபாசிட்டர் தயாரானாலும், அது ரீலில் ஏறி அடுத்த ஆலைக்குத்தான் போகும். பள்ளிகளுக்கு அடல் டிங்கரிங் லேப் என்று 20 லட்சம் ரூபாய் வரை மானியத்தில் ஆய்வகம் தருகிறார்கள். பெட்டி பெட்டியாகக் கிட் வரும். கிட்டில் ஒரு டிரைவர் கருகினால் என்ன ஆகும்? நான் பார்த்த ஒரு பள்ளியில் கிட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். மாற்றுப் பாகம் கிடைக்காத ஊரில் பூட்டுதான் பராமரிப்பு.

திங்கட்கிழமை கண்காட்சியில் எங்கள் வண்டி ஓடவில்லை. பிள்ளைகள் கையால் தள்ளிக் காட்டி விளக்கினார்கள். அடுத்த வாரம் நான் ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு நாலாவது கடையில் டிபி6612 இருந்தது. பெரியவர் ஒருவர் டப்பாவின் அடியிலிருந்து எடுத்தார். "இது யாரும் கேக்க மாட்டாங்களே" என்றார். பத்து வாங்கினேன். அதோடு இருபது பிஓ மோட்டார், ஒரு கட்டு பர்க் ஸ்டிரிப், ஃபியூஸ், வயர் மாற்றிச் செருகினாலும் கருகாமல் இருக்க டயோடு. எல்லாம் இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழைய முறுக்கு டின்னில் இருக்கிறது. மேலே நூல் கட்டிய நோட்டு. யார் என்ன எடுத்தாலும் பெயர், தேதி, வாங்கின விலை எழுத வேண்டும். இதுவரை ஒரகடத்திலிருந்து இரண்டு பேர், வல்லக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்திருக்கிறார்கள். மூன்று டிரைவர் போயிருக்கிறது, ஒன்றுக்குத்தான் காசு வந்திருக்கிறது.